சின்னக் கத்தி வாயை மடித்துக்கொண்டது ஏன்

அந்தக் காலத்தில் கூர் வைத்த பொருள் எதுவானாலும் அதற்குப் பேச்சும் இருந்தது. ஆடு மாடு பேசியது, காக்கை குருவி பேசியது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரும்பும் பேசியது என்பதைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். அரிவாள் வயலில் இறங்கினால் பாட்டுப் போட்டுக் கத்தும். கோடாலி ஒவ்வொரு வெட்டுக்கும் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும். ஏர்க்கொழு மண்ணுக்குள் முகத்தைப் புதைத்தபடி எதையோ முணுமுணுக்கும். என்ன சொல்கிறது என்று உழுகிறவனுக்கே விளங்காது. இவற்றால் ஊருக்கு ஒரு தொல்லையும் இல்லை. அரிவாள் வயலைத் தாண்டி வராது. கோடாலி விறகோடு கிடக்கும். பார்த்ததையே பார்த்து, சொன்னதையே சொல்லிக்கொண்டு அவை பாட்டுக்கு இருந்தன.

தொல்லை வந்தது சின்னக் கத்தி பிறந்த பிறகுதான்.

வேலங்கரை என்ற ஊரில் வயிரவ ஆசாரி என்றொரு கொல்லர் இருந்தார். ஒருநாள் கொழு அடித்தது போக ஒரு துண்டு இரும்பு மிஞ்சியது. அரிவாளுக்குக் காணாது, ஊசிக்கு அதிகம். எறிய மனமில்லாமல் அதைக் காய்ச்சி, தட்டி, இழைத்து, பல் துலக்குகிற வேப்பங்குச்சி நீளத்துக்கு ஒரு கத்தி செய்தார். புளியங்கட்டையில் பிடி போட்டுத் தண்ணீரில் முக்கி எடுத்ததும் கத்தி பேசியது.

"இது யாருடைய வீடு ஐயா?"

"வீடு இல்லை, என் பட்டறை."

"அப்படியா? ஒரே புகையாக இருக்கிறதே. கூரையில் ஒரு பக்கம் பிரித்துவிட்டால் என்ன?"

உள்ளேயிருந்து ஆசாரியின் மனைவி எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான். "நல்ல பிள்ளை" என்று கத்தியைப் பாராட்டிவிட்டுப் போனாள். அது நல்ல பிள்ளைதான். அதில் சந்தேகமில்லை. பார்த்ததைச் சொல்லும், கேட்டதைச் சொல்லும், ஒரு சொல் கூட்டாது. எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம். அக்கரையிலிருந்து இரும்பு ஏற்றி வருகிற வண்டி வரவில்லை. ஆகவே இன்னொரு கத்தி செய்ய வழியில்லை. ஊரில் இருந்ததோ அந்த ஒன்றே ஒன்று. கேட்டவர்களோ ஊர் முழுக்க. பூக்கட்டுகிற மருதாயிக்கு வாழைநார் கிழிக்க அது வேண்டும். அனந்தப்ப வைத்தியருக்கு வேர் சீவ வேண்டும். வலைக்காரன் செம்பனுக்கு அறுந்த வலையைப் பொத்தும்போது நூல் நறுக்க வேண்டும். மலையில் ஆடு மேய்க்கும் காத்தானுக்குக் குளம்பில் தைத்த முள் எடுக்க வேண்டும். ஆசாரி யோசித்தார். "கத்தி யாருக்கும் சொந்தமில்லை. வேலை இருக்கிறவர் எடுத்துக்கொள்ளட்டும், முடிந்ததும் அடுத்தவருக்குக் கொடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து கத்தி இடுப்பு விட்டு இடுப்பு மாறியது. விடியும்போது பூ வாசம், வெயில் ஏறும்போது மருந்து வாசம், மதியம் மீன் வாசம், சாயங்காலம் ஆட்டு வாசம். இப்படி ஒரு வாழ்க்கை அரிவாளுக்குக் கிடைக்குமா? கத்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாங்குகிறவர்களுக்கும் சந்தோஷம். கையில் வாங்கியதுமே, "அங்கே என்ன சேதி?" என்று கேட்பார்கள். செம்பன் வீட்டில் நேற்றுக் கருவாட்டுக் குழம்பு என்று மருதாயிக்குத் தெரியும். மருதாயியின் அம்மா சடைச்சி செவ்வாய்க்கிழமை விரதம் என்று சொல்லிவிட்டு அடுப்படியில் நின்று மாங்காய் நறுக்கித் தின்றாள் என்று வைத்தியருக்குத் தெரியும். அடுத்தவர் வீட்டுச் சேதி வரும்போது எல்லாருக்கும் இனித்தது. தங்கள் வீட்டுச் சேதியும் அதே வாயிலேதான் போகிறது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

முதலில் அடிபட்டவர் வைத்தியர். வயிற்று வலியென்று செம்பன் சுருண்டு வந்து படுத்திருந்தான். வைத்தியர் அவன் முன்னால் உட்கார்ந்து ஒரு கிழங்கைத் தோல் சீவினார்.

"இது லேசுப்பட்ட மருந்து இல்லை செம்பா. இதுக்காக மூணு மலை ஏறி இறங்கினேன். புலி இருக்கிற காடு."

"இல்லையே ஐயா" என்றது கையிலிருந்த கத்தி. "காலையில் உங்கள் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால்தானே தோண்டினோம்? கோரைக்கிழங்கு. மழை பெய்து மண் இளகியிருந்ததால் சுலபமாக வந்துவிட்டது. மறந்துவிட்டீர்களா?"

செம்பன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். "எங்க வீட்டுக் கொல்லையிலும் கோரைதான் மண்டிக் கிடக்கு வைத்தியரே" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்தபடியே போனான். வீட்டில் தானே தோண்டித் தின்றான். வலியும் நின்றுவிட்டது. வைத்தியருக்கு அதுதான் இன்னும் பெரிய துக்கம்.

"ஏண்டா, உனக்கு அறிவு இருக்கா?" என்று கத்தியைக் கேட்டார்.

"கூர் இருக்கிறது ஐயா. அறிவு என்பது அது இல்லையா?"

அடுத்து மருதாயி மாட்டினாள். நேற்றுக் கட்டிய மிச்சப் பூவைச் சரத்தின் நடுவில் மறைத்து வைத்துக் கட்டுகிறாள் என்று வாங்க வந்தவர்களிடமே கத்தி சொல்லிவிட்டது. அவள் கோபத்தில் கத்தியைக் கொண்டுபோய் வாழைத்தண்டுக்குள் பிடிவரை செருகிவிட்டு, "அங்கேயே கிட" என்றாள். சாயங்காலம் உருவி எடுத்தபோது, வாழைத்தண்டுக்குள் எவ்வளவு குளிர்ச்சி என்று அது வியந்து வியந்து பேசியது. அதன்மேல் அதிக நேரம் கோபப்படவும் முடியாது.

கத்தியே வேண்டாம் என்று கொஞ்ச நாள் ஊரே ஒதுக்கிப் பார்த்தது. மருதாயி பல்லால் நார் கிழித்தாள், வாயெல்லாம் கறை. வைத்தியர் வேரைக் கல்லால் நசுக்கினார், கட்டைவிரலும் நசுங்கியது. செம்பனின் வலையில் மீனைவிட முடிச்சுகள் அதிகமாயின. ஆடுகள் நொண்டின. கடைசியில் எல்லாருமாகக் கத்தியிடமே திரும்பி வந்தார்கள். ஆனால் இப்போது ஒரு புது ஏற்பாடு: கத்தி கையில் இருக்கிறவரை யாரும் வாயைத் திறப்பதில்லை. பூக்கட்டுகிற பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து ஊமைகள் போல நார் கிழித்தார்கள். வைத்தியர் நோயாளியைக் கண்ணாலேயே விசாரித்தார். கத்தி இருக்கும் வீடு எது என்று கேட்கவே வேண்டாம். எங்கே சத்தம் இல்லையோ அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே ஒருவன் மட்டும் அதனிடம் பேசினான். ஆட்டுக்காரன் காத்தான். மலையில் அவனுக்கு வேறு துணை இல்லை. ஆடுகளும் பேசும்தான், ஆனால் தழையைத் தவிர வேறெதுவும் பேசாது. "இந்தத் தழை நேற்றுத் தழையைவிடப் பரவாயில்லை" என்று ஒரு ஆடு சொல்லும். "முந்தாநாள் தழைதான் தழை" என்று இன்னொன்று சொல்லும். நாள் முழுக்க அதைக் கேட்டவனுக்குச் சாயங்காலம் கத்தி கைக்கு வந்தால் மழை பெய்தது போல இருக்கும். குட்டியை மடியில் போட்டு முள் எடுத்துக்கொண்டே மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவான். கத்தியும் ஊம் கொட்டிக் கேட்கும்.

அவனுக்கும் கத்திக்கும் மட்டும் தெரிந்த சேதி ஒன்று இருந்தது. ஊர் அம்பலம் வீரணன், ஊரின் நல்லது கெட்டதைத் தீர்த்து வைக்கிற தலைவர், கன்னங்கரேல் என்று ஒரு குடுமி வைத்திருந்தார். அது அவருடையது இல்லை. தலை வழுக்கையானதும் ஒருநாள் ரகசியமாக மலையேறி வந்து, காத்தானின் கறுப்பு ஆட்டின் முடியைக் கேட்டு வாங்கிப்போய் ஒட்டிக்கொண்டார். "யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்னு உன் ஆடுகள் மேலே சத்தியம் பண்ணு" என்றார். காத்தான் செய்தான். முடியை அறுத்துக் கொடுத்த கத்தியிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

அம்பலத்துக்கு அது பிறகுதான் உறைத்தது. அதிலிருந்து கத்தி வரும் தெருவில் அவர் நடப்பதில்லை.

இதற்கிடையில் காத்தானின் ஆடு ஒன்று மருதாயியின் பூக்கூடையை மேய்ந்துவிட்டது. அவள் சண்டைக்கு மலையேறிப் போனாள். போனவள் வெயில் தாழ்ந்துதான் இறங்கி வந்தாள். அதற்குப் பிறகும் அடிக்கடி ஏதாவது ஒரு ஆடு ஏதாவது ஒரு கூடையை மேய்ந்துகொண்டே இருந்தது. அவள் அம்மா சடைச்சி கணக்காக யோசிக்கிறவள். மாமியார் இல்லாத வீடு, நிறைய ஆடு, அதிகம் பேசாத பையன். "பாக்கு மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஊரில் பாக்கு மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை சபையின் நடுவில் உட்கார்ந்து கொட்டைப்பாக்கை மெல்லிசாகச் சீவி, பெண்ணின் தாய் கையில் வைக்க வேண்டும். பாக்கு சீவக் கத்தி வேண்டும். ஊரில் இருப்பதோ ஒரே கத்தி.

அன்று காலை மருதாயி கத்தியைத் துடைத்துத் தாம்பாளத்தில் வைக்கும்போது கெஞ்சினாள். "இன்னைக்கு ஒரு நாள் வாயைத் திறக்காம இரேன்."

"திறக்கிறதும் மூடுகிறதும் எனக்கு எங்கே இருக்கிறது அக்கா? எப்போதும் திறந்தேதானே இருக்கிறது?" என்றது கத்தி. அது பொய் சொல்லவில்லை. பிடியிலிருந்து நுனிவரை அதற்கு வாய்தான்.

சபை கூடியது. தாம்பாளத்தில் கத்தியைப் பார்த்ததும் வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கல்யாணப் பேச்சு நடக்கிற வீடா, சாவு விழுந்த வீடா என்று தெரியாத அளவுக்கு அமைதி. வைத்தியர் ஓலைத் தடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்பலம் ஒரு கையைத் தலையில் வைத்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தார். காத்தான் பாக்கை எடுத்துச் சீவினான். கத்தியும் நல்ல பிள்ளையாக வேலையைப் பார்த்தது. பூவிதழ் போலச் சீவல் சீவலாக விழுந்தது. கடைசிச் சீவலும் விழுந்தது. எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சடைச்சிக்குச் சபையில் தன் பெண்ணுக்கு ஒரு புகழ்ச்சி கிடைக்கட்டுமே என்று ஆசை. சொந்தக்காரிகள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் ஏது?

"ஏன் தம்பி" என்று கத்தியைக் கேட்டாள். "நீதான் தினமும் மாப்பிள்ளையோட மலையிலே இருக்கிறவன். என் பொண்ணைப் பத்தி அவர் என்ன சொல்றார்? நாலு பேர் கேக்க நீயே சொல்லு."

தன்னை ஒருவர் மதித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! கத்தி பளபளத்தது. "தினமும் சொல்வார் அம்மா. நேற்றுகூடச் சொன்னார். மருதாயிக்கு மூக்கு பெரிசு என்று."

சொந்தக்காரிகளின் தலைகள் எல்லாம் மருதாயி பக்கம் திரும்பின.

"என்னது?" என்றாள் சடைச்சி.

"மூக்கு அம்மா. ரொம்பப் பெரிசு என்றார். இந்த ஊரிலேயே இவ்வளவு பெரிய மூக்கு வேறு யாருக்கும் இல்லை என்றார். அதற்கப்புறம்..."

அதற்கப்புறம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. சடைச்சி கையிலிருந்த பாக்கைக் காத்தான் முகத்திலேயே எறிந்தாள். மருதாயி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு அடைத்துக்கொண்டது. பின்வரிசையில் ஒரு கிழவர், "யாருக்கு மூக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அப்படிச் சொல்லலைன்னு சொல்லுடா!" என்று காத்தான் கத்தியைப் பார்த்து அலறினான்.

"சொன்னீர்களே அண்ணே."

"மூக்கா பெரிசு? உன் ஆடுகளுக்குக் காது பெரிசு, உனக்கு வாய் பெரிசு! எழுந்திருச்சுப் போ!" சடைச்சி சொம்பைத் தூக்கிவிட்டாள். ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். சிலர் சடைச்சியைப் பிடித்தார்கள், சிலர் சொம்பைப் பிடித்தார்கள்.

கத்திக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல சேதிதானே சொன்னோம், ஏன் கோபப்படுகிறார்கள்? சமாதானம் செய்து வைக்கலாம் என்று நினைத்தது. "கோபப்படாதீர்கள்!" என்று தாம்பாளத்திலிருந்து கூவியது. "எல்லாருக்கும் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நம் அம்பலம் ஐயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தலையில்..."

வாழ்க்கையில் ஒருநாளும் அவசரமாக எழுந்தறியாத அம்பலம் மூலையிலிருந்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார். கத்தியைப் பறித்து, வாசல் கல்லில் அடித்து உடைக்கக் கையை ஓங்கினார். காத்தானுக்கு யோசிக்க நேரமில்லை. தன் கல்யாணத்தைக் கெடுத்த கத்திதான். ஆனாலும் அது உடையப்போகிறது என்றதும் கை தானாக நீண்டது. வெறுங்கையால் அலகைப் பிடித்தான்.

சத்தமெல்லாம் அப்படியே நின்றுபோயிற்று. காத்தானின் உள்ளங்கையிலிருந்து இரத்தம் சொட்டி, சிதறிக் கிடந்த பாக்கின்மேல் விழுந்தது. நார், வேர், நூல், முள் என்று எத்தனையோ அறுத்த கத்தி, மனிதரை அறுத்தது அதுதான் முதல் தடவை.

"இது பாக்கு இல்லையே" என்றது மிகச் சின்னக் குரலில்.

பிறகு அது பேசவில்லை. வைத்தியர் ஓடிப்போய் வேலியோரத்தில் முளைத்திருந்த பச்சிலையைப் பறித்து, எல்லார் கண்ணெதிரிலேயே கசக்கிக் காயத்தில் வைத்துக் கட்டினார். மூன்று மலை ஏறிய கதையைச் சொல்ல அவருக்கு அப்போது தோன்றவில்லை. அம்பலம் தலையைத் தடவிச் சரி பார்த்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "நாளைக்குக் காலையில் இந்தக் கத்தியை உலையில் போட்டு உருக்கணும். ஊரே வந்து பார்க்கும்." வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவரவர் வீட்டு ரகசியம் அவரவருக்கு.

மறுநாள் விடிந்ததும் ஆசாரி உலையை மூட்டினார். துருத்தியை இழுக்கக் கை எழவில்லை. கத்தி பட்டறைக் கல்லின்மேல் கிடந்தது. கையில் கட்டோடு காத்தான் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான்.

"ஆசாரியண்ணே, வேற வழி இல்லையா?"

"அம்பலம் சொன்ன பிறகு நான் என்னத்தைச் செய்வேன், தம்பி?"

"அது பொய் சொல்லலையே அண்ணே. நான் சொன்னதைத்தான் சொல்லுச்சு. பாதிதான் சொல்லுச்சு, அவ்வளவுதான்."

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. மருதாயி. இரவெல்லாம் அழுததில் மூக்கு இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. காத்தான் பதறி எழுந்தான்.

"உங்களைப் பார்க்க ஒண்ணும் வரலை" என்றாள் அவள். "கத்தியைப் பார்க்க வந்தேன். உருக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்." முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கல்லின் அருகே குந்தி உட்கார்ந்தாள். "நேத்து 'அதற்கப்புறம்'னு ஆரம்பிச்சியே. அதற்கப்புறம் என்ன?"

"என்னை ஒன்றும் கேட்காதீர்கள் அக்கா" என்றது கத்தி.

"கேக்கத்தான் வந்திருக்கேன். சொல்லு."

கத்தி தயங்கித் தயங்கிச் சொன்னது. "ஊரிலேயே பெரிய மூக்கு என்றார். அதனால்தான் கூடைக்குள் கை விடாமலே எது இன்று பூத்தது, எது நேற்றுப் பூத்தது என்று அவளுக்குத் தெரிகிறது என்றார். 'நான் மலையிலிருந்து இறங்கி வரும்போது தெருமுனையில் ஆட்டு வாடை அடித்ததுமே தலையைத் தூக்கிப் பார்ப்பாள். நான் வருகிறேன் என்று எதிர்பார்த்துத் தலை தூக்க இந்த உலகத்தில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அந்த மூக்கு மட்டும் கொஞ்சம் சின்னதாக இருந்திருந்தால் என் பாடு என்ன ஆகும்?' என்றார். குட்டியின் காலில் முள் எடுத்துக்கொண்டே சொன்னார். முள்ளை விட்டுவிட்டுத் தோலைக் கிள்ளிவிட்டார். குட்டிகூட அவரை உதைத்தது."

மருதாயியின் முந்தானை மூக்கிலிருந்து மெல்ல இறங்கியது.

"ஆட்டு வாடை எனக்குப் பிடிக்கும்னு இவருக்கு யார் சொன்னாங்களாம்?"

"அது எனக்குத் தெரியாது அக்கா."

"சரி, வேற என்னவெல்லாம் சொன்னார்?"

கத்தி ஏதோ சொல்லப் போனது. காத்தானைப் பார்த்தது. அவன் காது இரண்டும் உலையில் போட்ட இரும்பாகச் சிவந்திருந்தது. பிறந்த நாள் முதல் கேட்டதும் பதில் சொல்லியே பழகிய கத்தி அன்றுதான் முதன்முதலாக ஒரு பதிலை நிறுத்தி வைத்துப் பார்த்தது.

"அதை அவர்தான் சொல்ல வேண்டும் அக்கா" என்றது. "என் வாயால் வந்தால் எதுவும் வெட்டுப்பட்டுத்தான் வரும்."

ஆசாரி திரும்பிப் பார்த்தார். கத்தி அவரிடம் சொன்னது: "ஐயா, பேசாமல் இருப்பது என்றால் என்னவென்று இப்போதுதான் புரிகிறது. ஆனால் எனக்கு அது நிலைக்காது. என் வாய் எப்போதும் திறந்தே கிடக்கிறது. யாராவது கேட்டால் வந்துவிடும். வாயை வைத்துக்கொள்ள எனக்கு ஓர் இடம் செய்து கொடுங்கள். முடியாதென்றால் உருக்கிவிடுங்கள்."

"இடமா?" ஆசாரி தாடியைச் சொறிந்தார். பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். "கொம்பு இருந்தால் பார்க்கலாம். கெட்டிக் கொம்பாக வேணும்."

காத்தான் கட்டுக் கையோடு ஓடினான். பட்டியில் கிழட்டுக் கிடா ஒன்று இருந்தது. சண்டையில் உடைந்த தன் கொம்பை அது பத்திரமாகக் காலடியில் வைத்திருந்தது. "கொம்பு வேணும், பெரியவரே" என்றான். "எடுத்துக்கோ. இனிமேல் அதில் தழையா முளைக்கப்போகிறது?" என்றது கிடா. அவன் திரும்பி ஓடி வந்தபோது பழக்கதோஷத்தில் ஆடுகளும் பின்னாலேயே வந்துவிட்டன.

மருதாயி துருத்தி இழுத்தாள். ஆசாரி பழைய புளியங்கட்டைப் பிடியைக் கழற்றி எறிந்தார். கொம்பை நீளவாக்கில் அறுத்து அலகு படுக்கிற அளவுக்குப் பள்ளம் தோண்டினார். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் ஒரு முனையில் துளை போட்டார். கொம்பு கருகிய நாற்றத்தில் மூவருக்கும் கண் கலங்கியது, மருதாயிக்குத்தான் அதிகம். அதற்குள் ஊர் வாசலில் கூடிவிட்டது. "உருக்கியாச்சா?" என்று அம்பலத்தின் குரல் கேட்டது. "உலை இன்னும் சூடாகலை!" என்று காத்தான் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றான்.

ஆசாரி அலகைக் கொம்பின் முனையில் வைத்து ஆணி இறக்கித் தட்டினார். அலகு அசைந்தது. பள்ளத்துக்கு நேராக வந்து நின்றது.

"மடக்கினால் அப்புறம் பேச்சு இல்லை, வேலைக்குத் திறந்தாலும் இல்லை. சம்மதம்னா நீயே மடிஞ்சுக்கோ" என்றார் அவர். "கடைசியா ஏதாவது சொல்லணுமா?"

கத்தி கொஞ்சம் யோசித்தது. "நிறைய இருக்கிறது ஐயா" என்றது. பிறகு தானாகவே மடிந்தது.

டக்.

கதவு திறந்தது. அம்பலம் முதலில் நுழைந்தார். விரல் நீளத்துக்கு ஒரு கொம்புத்துண்டு மட்டும் கல்லின்மேல் கிடப்பதைப் பார்த்து, "இது என்ன?" என்றார். ஆசாரி விளக்கினார்: வாயை அதற்குள் வைத்துப் பூட்டியாயிற்று, இனி பேசாது. வேலைக்குத் திறந்தாலும் பேசாது. அது கொடுத்த வார்த்தை.

அம்பலம் நம்பவில்லை. கத்தியைக் கையில் எடுத்துத் திறந்தார். டக். அலகைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மிரட்டினார்.

"என்னைத் தெரியுதா?"

கத்தி பேசவில்லை.

"என்னைப் பத்தி யாரிடமாவது ஏதாவது சொல்வியா?"

பேசவில்லை.

அம்பலத்தின் முகம் மலர்ந்தது. ஆனால் பயந்த மனசு அவ்வளவு சீக்கிரம் அடங்குமா? இன்னும் ஒரு தடவை நிச்சயப்படுத்திக்கொள்ள நினைத்தார். அதுவும் தெளிவாக. குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக அழுத்திக் கேட்டார்: "என் தலையிலே இருக்கிற குடுமி என்னோடது இல்லை, கறுப்பு ஆட்டோட முடின்னு எவன்கிட்டேயாவது சொல்வியாடா?"

கத்தி பேசவில்லை. ஊரும் பேசவில்லை. எல்லாரும் அம்பலத்தின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தழையைத் தவிர வேறெதுவும் பேசியறியாத கறுப்பு ஆடு வாசலில் நின்றபடி அன்றுதான் வேறொரு விஷயம் பேசியது. "அதானே பார்த்தேன்! இடது பக்கம் மட்டும் ஏன் குளிருதுன்னு."

சடைச்சிதான் முதலில் சிரித்தாள். அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் வைத்தியர், அப்புறம் செம்பன், அப்புறம் மொத்த ஊரும். அம்பலம் சற்று நேரம் விறைத்து நின்றார். பிறகு குடுமியைக் கழற்றி ஆட்டின் முதுகில் வைத்துவிட்டு, "வெயில் காலத்திலே இது ஒரே புழுக்கம்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். கத்தியை உருக்குவது பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

மருதாயி காத்தானைப் பார்த்தாள். "கத்தி சொல்ல மாட்டேன்னுச்சே, அந்த மிச்சத்தை நீங்க எப்போ சொல்லப்போறீங்க?"

"இங்கேயா? இத்தனை பேர் முன்னாலயா?"

"மலையிலே சொல்லுங்க. கூடை எடுத்துக்கிட்டு வரேன்."

அன்று சாயங்காலமே பாக்கு மறுபடி சீவப்பட்டது. இடது கையால் சீவியதால் கோணல்மாணலாக வந்தது. சடைச்சி ஒன்றும் கேட்காமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளம் வடிந்து இரும்பு வண்டி வந்ததும், ஆசாரி அதே மாதிரி நிறையக் கத்திகள் அடித்தார். கிடாக்கள் உடைந்த கொம்புகளைக் கொடுத்தன. பூக்கட்டுகிறவளுக்கு ஒன்று, வைத்தியருக்கு ஒன்று, வலை பொத்துகிறவனுக்கு ஒன்று, ஆடு மேய்க்கிறவனுக்கு ஒன்று என்று அவரவர் இடுப்பில் அவரவர் கத்தி வந்து சேர்ந்தது. முதல் கத்தி கொடுத்த வார்த்தையை அடுத்து வந்தவையும் காப்பாற்றின. அவற்றைப் பார்த்து அரிவாளும் கோடாலியும்கூட வெட்கப்பட்டுப் பேச்சை விட்டுவிட்டன. சொல்லாமல் இருக்கிற ஒரு துணை கிடைத்ததும் ஊர்க்காரர்களுக்கு நாக்குத் திரும்பி வந்தது. வேலை செய்துகொண்டே மனசில் இருப்பதையெல்லாம் அதனிடம் சொன்னார்கள்.

சின்னக் கத்தி தன் வாயைத் தன் பிடிக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டு இடுப்பிலும் பையிலும் தூங்குவது அந்தக் காலையிலிருந்துதான். திறக்கும்போது 'டக்' என்று ஏதோ சொல்ல வரும். வேண்டாம் என்று அதோடு நிறுத்திக்கொள்ளும். கத்தி பிடித்து வேலை செய்கிறவர்கள், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும், தமக்குத்தாமே ஏதோ பேசிக்கொண்டிருப்பதும் அன்று முதல்தான்.